டிரைவர் மூடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். உத்தமபாளையத்தில் எங்கள் தெருவுக்கு வந்து விசாரித்தால் "அந்த வீடா?" என்று ஒரு இழுப்பு இழுப்பார்கள். இழுத்தால் இழுக்கட்டும். பால்காரர் பாலை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார். அதை நான்தான் உள்ளே எடுத்துப் போய்க் காய்ச்சிக் குடிக்கிறேன்.

என் பெயர் ஷர்மின். தேனியில் ஒரு பல் லேப்பில் வேலை. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நாங்கள் பல் செய்து கொடுப்போம். மீதி நேரத்தில் டாங்கி செய்வேன். தண்ணீர் டேங்க் இல்லை, சண்டை டாங்கி. இதைத் தெருவில் ஒவ்வொருவருக்கும் விளக்கி வாய் வலித்துவிட்டது. பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஒட்டி முடித்தால் ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஒட்டுவது யாருக்கும் வரும். அசல் வண்டியின் போட்டோக்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தத் தகடு எங்கே நசுங்கியிருக்கிறது, எந்தக் கயிறு எப்படித் தொங்குகிறது, சேறு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கொண்டுவருவதுதான் வேலை.

போன வருஷம் ஆனி மாதம், மலைப்பக்கம் சாரல் பிடித்திருந்த ஒரு மத்தியானம், ஒரு பீரோவும் நாலைந்து அட்டைப்பெட்டியுமாக இந்த வீட்டில் வந்து இறங்கினேன். புருஷன் வேண்டாமென்று நானே குலா கேட்டு வாங்கிப் பிரிந்து வந்திருந்தேன். அத்தா மௌத்தான பிறகு வீடு பூட்டியே கிடந்தது. முன்பக்கம் ஓடு, பின்பக்கம் தளம், இரண்டுக்கும் நடுவில் ஓர் அறை. அதற்கு ஒரே கதவு, கம்பி போட்ட ஒரே சின்ன ஜன்னல். வெளித் தூசி வராது என்பதால் என் மேஜையை அங்கேதான் போட்டேன்.

அண்ணன் ஷானவாஸ் கம்பத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வீட்டில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு, ஒரு பங்கு எனக்கு. நான் தனியாகத்தான் இருப்பேன் என்றதும் நடுக்கூடத்தில் நின்று ஒரு நிபந்தனை போட்டார்.

"கூடலூர்ல ஒரு ஏலக்காய் வியாபாரி குடோனுக்கு எடம் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஓம் பிடிவாதத்துக்காகத்தான் விட்டு வச்சிருக்கேன். இருந்து பாரு. ஆனா என்னைக்காச்சும் பயமா இருக்குண்ணேன்னு ஒரு போன் வந்துச்சு, அன்னைக்கே வண்டியக் கொண்டாந்து ஒன்னைய ஏத்திக்கிட்டு, வீட்டக் குடோனுக்கு விட்ருவேன்."

"வராது" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. கம்பத்தில் அவர் வீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை தயாராக இருக்கிறது. அந்த அறைக்குள் அண்ணன் மனைவி கைருன்னிசாவின் துணிக்கொடி ஓடும். கொஞ்சம் நேரம் கழித்து விளக்கு எரிந்தால் கீழே இருந்து ஏன் என்று ஒரு குரல் வரும். நான் பல வருஷம் ஒருவரிடம் கேட்டுக் கேட்டு விளக்குப் போட்டவள். இன்னொரு தடவை என்னால் ஆகாது. அதனால் என்ன ஆனாலும் அந்த ஒரு போனை மட்டும் செய்யக் கூடாது என்று வைத்திருந்தேன்.

இந்த ஆனியில்தான் அந்த டாங்கி வேலை வந்தது.

அனுமந்தன்பட்டியிலிருந்து சுரேஷ்கண்ணன் என்று ஒரு பி.டி. வாத்தியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடிக்கொண்டு வந்தார். அவருடைய தாய்மாமா கருத்தக்கண்ணன் எழுபத்தொன்று சண்டையில் டாங்கி டிரைவராக இருந்து, சண்டையிலேயே இறந்துபோனவர். உடல் ஊருக்கு வரவில்லை. அந்த டாங்கியை அப்படியே செய்து தர வேண்டும். கேட்டது வாத்தியாரின் அம்மா ராஜாத்தி, கருத்தக்கண்ணனின் தங்கச்சி.

"அம்மாவுக்குக் கண்ணு சுத்தமாப் போச்சு மேடம். போட்டோவ வச்சு என்ன செய்ய, அண்ணன் வண்டியத் தடவிப் பாக்கணும்னு சொல்லுது. டிரைவர் மூடி மட்டும் தெறந்து மூடுற மாதிரி இருக்கணுமாம். மாமா அதுக்குள்ள இருந்துதான் தலைய நீட்டிச் சிரிச்சுக்கிட்டு நிப்பாக."

இரண்டு போட்டோ கொடுத்தார். முதலாவதில் டாங்கியின் முன்பக்கத்தில், வட்டமான ஒரு துளையிலிருந்து ஒரு முகம் வெளியே வந்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. மேல்வரிசையில் ஒரு பல் சற்று ஏறியிருந்தது. தொழில் புத்தி, அதைத்தான் முதலில் பார்த்தேன். முகம் தெளிவு, ஆனால் டாங்கி பாதிக்கு மேல் படத்துக்கு வெளியே போயிருந்தது.

"இன்னொண்ணு சண்டை முடிஞ்ச பெறகு கூட இருந்த ஒருத்தர் எடுத்தது" என்றார் வாத்தியார், குரலைத் தாழ்த்தி. "அது இருக்குன்னே அம்மாகிட்ட சொன்னதில்ல."

அதில் டாங்கி பக்கவாட்டில் நின்றது. கருகியிருந்தது. ஆனால் என்ன கூர்மையான படம்! ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது. எங்கள் வேலையில் கூர்மையான படம்தான் ராஜா. நான் சிரிப்பை முதல் படத்திலிருந்தும் டாங்கியை இரண்டாவது படத்திலிருந்தும் எடுத்துக்கொண்டேன். கருகல் மட்டும் வேண்டாம், உயிரோடு இருந்த நாளின் பச்சையை அடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அதுதான் மரியாதை என்றும் நினைத்துக்கொண்டேன்.

மடிந்த மட்கார்டு, தொங்கும் சங்கிலி, பின்னால் கட்டிய வாளி என்று ஒவ்வொன்றாக வந்தது. டிரைவர் அறையின் உள்பக்கத்துக்கு வெள்ளை அடித்தேன். சின்ன சீட்டு வைத்தேன், கையால் பிடிக்கும் இரண்டு கம்பி வைத்தேன். சட்டைப் பொத்தான் அளவு மூடிக்கு ஊசி முனையில் கீல் செய்தேன். தூக்கினால் எழும்பியது, விட்டால் படிந்தது. பெருமையாக இருந்தது. தூசி போகாமல் இருக்க மூடியை ஒரு பொட்டுப் பசை வைத்து மூடினேன். கொடுக்கும் அன்று நகத்தால் நெம்பினால் போதும்.

அதன் பிறகுதான் தலையை வைத்தேன். பீரங்கியைத் தாங்கிக்கொண்டு சுற்றும் மேல்பகுதியை நான் தலை என்றுதான் சொல்வேன். பீரங்கி நேராக நீட்டிக்கொண்டிருந்தால் கடைப் பொம்மை மாதிரி இருக்கும். இரண்டாவது படத்தில் அது இடது பக்கம் சற்றுத் திரும்பித் தாழ்ந்திருந்தது. அப்படியே வைத்தால் உயிர் வரும் என்று தோன்றியது. வைத்தேன். பஸ்ஸில் கொண்டுபோகும்போது ஆடக் கூடாதென்று கெட்டியான பசை போட்டு ஒட்டியும் விட்டேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் டீசல் நாற்றம் அடித்தது.

குமுளிக்குப் போகிற ஜீப்புகள் எங்கள் தெரு முனையில்தான் நிற்கும். அதுவாக இருக்கும் என்று விளக்கைப் போட்டுக்கொண்டு நடு அறைக்குப் போனேன். நாற்றம் அங்கேதான் அதிகமாக இருந்தது. டாங்கியின் டிரைவர் மூடி கொஞ்சம் எழும்பி, மேலே தாழ்ந்திருந்த பீரங்கிக் குழலில் இடித்துக்கொண்டு நின்றது. நான் வைத்த பசை மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே நூல் நூலாக இழுபட்டிருந்தது.

வெயிலுக்குப் பசை இளகியிருக்கும். சாரல் காலத்தில் எங்கே வெயில் என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. மூடியை அழுத்தி, மறுபடி ஒரு பொட்டு வைத்தேன்.

சமையற்கட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கேட்டது.

ட்டிக்.

சின்னக் கல்லைத் தகரத்தில் போட்டால் வருகிற சத்தம்.

ட்டிக். ட்டிக்.

கரண்டியோடு நடு அறைக்கு ஓடினேன். ஓடியதும் நின்றுவிட்டது. மூடி மறுபடி எழும்பியிருந்தது. பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து மூடியின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். நான் அடித்த வெள்ளை மேல் கரி படிந்திருந்தது. துடைக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டேன்.

அது கரி இல்லை. உள்ளங்கைகள்.

அரிசி நீளம்கூட இல்லாத கைகள். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, மூடியின் உள்பக்கம் முழுக்க. உள்ளே இருந்து தள்ளியிருக்கிறார்கள்.

நான் கத்தவில்லை. கத்த வாய் திறந்தது உண்மை. கை தானாகப் போனை எடுத்து, அண்ணன் பேர்வரைக்கும் போனதும் உண்மை. அப்புறம் மாடி அறையும் துணிக்கொடியும் ஞாபகம் வந்தன. போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தெரிந்த குர்ஆன் ஆயத்தையெல்லாம் ஓதினேன். ஓதி முடித்ததும் கோபம் வந்தது.

"ஏலே, யாருலே அது?" என்று டாங்கியைப் பார்த்துக் கேட்டேன். "ஒனக்கு வேற வீடு கெடைக்கலையா? நானே இப்பத்தான் ஒரு எடம் பிடிச்சு உக்காந்திருக்கேன். சத்தம் போடாம இரு."

சத்தம் நின்றது. பிறகு, மெதுவாக, ஒரே ஒரு தடவை.

ட்டிக்.

அடுத்த சில நாள் இப்படித்தான் போயிற்று. நான் துடைப்பேன், அழுத்துவேன், பசை வைப்பேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மூடி எழும்பியிருக்கும், கைகள் கூடியிருக்கும். பாதி எழும்பும், அதற்கு மேல் எழும்பாது. ஏன் பாதியோடு நிற்கிறது என்று யோசிக்க வேண்டியவள் நான். கோபத்திலும் பயத்திலும் புத்தி அந்தப் பக்கம் போகவில்லை.

பக்கத்து வீட்டு முனீஸ்வரி திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். ஒரு நாள் காலை வேலி ஓரத்தில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"ஷர்மினு, நீ வேலைக்குப் போன பெறகு ஓன் வீட்டுக்குள்ள யாரு இருக்காக?"

"யாருமில்லையே."

"நேத்து எனக்கு மேலுக்கு முடியலன்னு வீட்டுலதேன் கெடந்தேன். பகலு பூரா தட்டுறாக. தட்டுன்னா தட்டு, அப்பிடித் தட்டு. கதவத் தொறங்கன்னு ஒரு ஆம்பளக் கொரலு. கிட்ட வந்து காத வச்சேன், செவரு கொதிக்குதுத்தா." அவள் உள்ளங்கையை நீட்டினாள். சிவந்திருந்தது. "அந்த வண்டியக் கொண்டுபோயி முல்லையாத்துல விட்ரு. ஓன் நல்லதுக்குத்தேன் சொல்லுறேன்."

"ஒருத்தவுக ஆசையாக் கேட்ட சாமான்க்கா. ஆத்துல விடறதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்?"

அவள் யாரிடம் சொன்னாளோ, அன்று மத்தியானமே சேதி கம்பத்துக்குப் போய்விட்டது. சாயங்காலம் அண்ணன் போன் செய்தார்.

"என்னம்மா, வீட்டுல ஜின்னு புகுந்திருச்சுன்னு பேசிக்கிறாக. வண்டியோட வரவா?"

"ஒண்ணுமில்லண்ணே. முனீஸ்வரிக்குக் காய்ச்சல்."

நடு அறையில் அந்த நேரம் பார்த்துத் தட்டல் தொடங்கியது. போனை மறு காதுக்கு மாற்றினேன். அண்ணன் பேச்சை நிறுத்தினார்.

"அது என்ன சத்தம்?"

"நான்தான். பட்டாணி ஒடச்சுக்கிட்டிருக்கேன்."

எனக்கே சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு வாரேன். அந்த ஏலக்காய்க்காரரையும் கூட்டியாரேன். வீட்டப் பாத்துட்டுப் போகட்டும்" என்று வைத்துவிட்டார். நான் போன் செய்யாமலே வீடு கையை விட்டுப் போகப் பார்த்தது.

வியாழக்கிழமை தேனியிலிருந்து பஸ்ஸில் வரும்போதே மழை பிடித்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தபோது மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாங்கு முடிவதற்குள் கரண்ட் போனது. மறுநாள் அண்ணன் வருவதற்குள் டாங்கியை அனுமந்தன்பட்டிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று, போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடு அறைக்குள் போனேன்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

காற்று என்று நினைத்தேன். இழுத்தேன். அசையவில்லை. தாழ்ப்பாள் வெளியே கிடையாது, உள்ளே திறந்துதான் கிடந்தது. இருந்தாலும் கதவு சுவரோடு சுவராக நின்றது.

அறை சூடாயிற்று. முதலில் டீசல் நாற்றம். பிறகு தலைமுடி பொசுங்குகிற நாற்றம்.

ட்டிக் ட்டிக் ட்டிக் ட்டிக்.

கதவை இரண்டு கையாலும் அடித்தேன். "திற! திற!" என்று கத்தினேன். நான் அடிக்கும்போதெல்லாம் அதுவும் அடித்தது. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. மூச்சு முட்டியது. ஜன்னல் கம்பி கை வைக்க முடியாமல் கொதித்தது. போனில் அண்ணன் பேரைத் தொட்டேன். பச்சைப் பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. கம்பத்திலிருந்து கால் மணி நேரத்தில் வந்துவிடுவார். அழுத்தினால் உயிர் தப்பும், வீடு போய்விடும். சத்தியமாகச் சொல்கிறேன், அழுத்தத்தான் போனேன்.

அப்போதுதான் போன் வெளிச்சம் என் உள்ளங்கையில் பட்டது. கதவை அடித்து அடித்துக் கை முழுக்கக் கரி.

என் கையையும் டாங்கியையும் மாறி மாறிப் பார்த்தேன். மூடி எழும்பியது, பீரங்கிக் குழலில் இடித்தது, விழுந்தது. எழும்பியது, இடித்தது, விழுந்தது. அதுவும் கதவைத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

படம் கண்முன் வந்தது. சிரிக்கிற படத்தில் பீரங்கிக் குழல் படத்துக்குள்ளேயே இல்லை. அது எங்கேயோ மேலே, நேராக இருந்திருக்கிறது. கருகிய படத்தில் குழல் திரும்பித் தாழ்ந்து, சரியாக மூடிக்கு மேல் வந்து நின்றிருக்கிறது. அடி விழுந்து தலை அப்படியே நின்றுவிட்டிருக்கும். அவருக்கு முன்னால் மூடி, பின்னால் நெருப்பு. அவர் போனதே அதனால்தான். நான் அவருக்கு நல்ல பச்சை அடித்து, சீட்டு வைத்து, உட்கார வைத்து, செத்த அன்று நின்ற இடத்திலேயே குழலைக் கொண்டுவந்து நிறுத்திப் பசை போட்டிருக்கிறேன். தலையை ஒட்டிய பிறகு மூடி திறக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மூடி மறுபடி எழும்பியது. இடுக்கில் நான்கு விரல்கள் வெளியே வந்து விளிம்பைப் பிடித்தன.

போனைக் கீழே வைத்தேன். இரண்டு கையும் வேண்டியிருந்தது. தலையைப் பிடித்துத் திருகினேன். கெட்டிப் பசை, அசையவில்லை. அடுப்பிலிருந்து எடுத்த சட்டி மாதிரி கை சுட்டது. லேப்பில் கம்பி வளைக்கிற குறடு மேஜை ஓரத்தில் கிடந்தது. அதைக் கொடுத்து நெம்பினேன்.

"இருங்க," என்றேன். "இந்தா, இருங்க. தள்ளாதீக."

பசை படாரென்று விட்டது. குழல் நேரே திரும்பியது.

மூடி முழுசாகத் திறந்து பின்னால் சாய்ந்தது.

சத்தமே இல்லை. மழைகூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. கீழே கிடந்த போன் வெளிச்சத்தில், எதிர்ச் சுவரில், விரல் உயரத்துக்கு ஒரு நிழல் எழுந்தது. அது குனிந்தபடியே பெரிதாயிற்று. என் இடுப்பு உயரம். என் உயரம். அப்புறம், வெகுநாள் மடங்கிக் கிடந்த ஆள் போல, முதுகை நிமிர்த்திக்கொண்டு உத்தரத்தைத் தொட்டது.

கதவு தானாகத் திறந்தது.

"வெளிய வந்தாச்சுல்ல?" என்றேன். "தப்பு எம்மேலதான். ஆனா இது என் வீடு. போறதுன்னா வாசல் அங்கன இருக்கு."

கனமான பூட்ஸ் சத்தம் என்னைத் தாண்டிக் கூடத்தின் வழியாகப் போனது. வாசல்வரைக்கும் கேட்டது. படி இறங்குகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை.

கரண்ட் வந்தது. முன்கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் முன்கதவு, பின்கதவு, பீரோக் கதவு எல்லாம் விரியத் திறந்து கிடந்தன. ஒரு சாமானும் போகவில்லை.

லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே அனுமந்தன்பட்டிக்குப் போனேன். ராஜாத்தியம்மா கட்டிலில் உட்கார்ந்து டாங்கியை மடியில் வாங்கிக்கொண்டார். விரல்கள் சங்கிலியைத் தடவின, மட்கார்டு மடிப்பைத் தடவின, குழலை நுனிவரை தடவின. கடைசியாக அந்த வட்டத் துளைக்கு வந்தன. மூடியைத் திறந்தார், சுண்டுவிரலை உள்ளே விட்டார். முகம் மாறியது.

"ஏத்தா," என்றார் என் பக்கம் திரும்பி, மெதுவாக. "அண்ணே எறங்கிட்டாகளே. எங்கன போனாக?"

சுரேஷ்கண்ணன் என்னைப் பார்த்தார். எனக்குப் பதில் தெரியும்.

"நல்லாருக்காகம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, கொப்புளத்தைத் தடவிப் பார்த்து, வெகுநேரம் விடவே இல்லை.

ஜும்மா முடிந்து அண்ணன் வந்தார். கூடவே கூடலூர் விஜயபாண்டி, நல்ல கனமான ஆள், கையில் அதைவிடக் கனமான பூட்டு. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். காற்று, ஈரம், எலி எல்லாம் விசாரித்தார். திருப்திதான்.

"ஏலக்கா சரக்கு பாய். பூட்டு நிக்கிறதுதான் முக்கியம்" என்று முன்கதவைச் சாத்தி, நாதாங்கியில் தன் பூட்டை மாட்டிப் பூட்டி, ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். மூவரும் முற்றத்தில் இறங்கினோம்.

டக்.

பூட்டு வாயைத் திறந்துகொண்டு தொங்கியது.

"சரியா விழுகல போல" என்று மறுபடி பூட்டினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். எங்கள் மூவர் கண்ணுக்கும் முன்னால் பூட்டு திறந்தது, நாதாங்கி விலகியது, கதவு இரண்டு பக்கமும் மெதுவாக, மரியாதையாகத் திறந்து நின்றது. உள்ளே இருந்து ஒரு சூடு வந்து முகத்தில் பட்டது. பொசுங்கிய நாற்றம்.

விஜயபாண்டி என் அண்ணனைப் பார்த்தார். "நான் வேற எடம் பாத்துக்கிறேன் பாய்" என்று சொன்னது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. பூட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஷர்மி, கெளம்பு. மாத்துத் துணி மட்டும் எடு."

"மாட்டேன்."

"பூட்டு நிக்காத வீட்டுல பொம்பளப் புள்ள தனியா எப்பிடிம்மா இருப்ப?"

"உள்ள வர யாருக்குண்ணே தைரியம் இருக்கு?"

அவர் திறந்த கதவைப் பார்த்தார். ஒரு காலைப் படியில் வைத்தார், எடுத்துக்கொண்டார். "ஒனக்குப் பயமா இல்லையா?" என்று கிசுகிசுத்தார்.

"இருக்கு" என்றேன். "நேத்து நடு ரூமுல செத்தே போயிருவேன்னு நெனச்சேன். ஆனா ஒங்களுக்குப் போன் பண்ணலல்ல?"

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து எழுந்து மறுபடி ஏறும்போது அத்தா இப்படித்தான் என்னைப் பார்ப்பார். "அத்தா மாதிரியே பிடிவாதம்" என்று முனகிவிட்டு வண்டியை எடுத்தார். குடோன் பேச்சு அதற்கப்புறம் வரவில்லை.

அவர் போனதும் நான் படியேறி உள்ளே போனேன். கூடத்தின் நடுவில் நின்று சத்தமாகவே சொன்னேன். "இருக்கிறதுன்னா இருங்க. ஆனா ராத்திரி பீரோவத் தெறக்கக் கூடாது. நடு ரூமு மேஜையத் தொடக் கூடாது. நான் ஒருத்தருக்கும் பயந்து வெளக்க அணைக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் மலையிலிருந்து காற்று இறங்கியது. ஆடி பிறக்கும் முன்பே அப்படி ஒரு காற்று. தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவும் ஜன்னலும் படார் படார் என்று அடித்துக்கொண்டன. முனீஸ்வரி வீட்டில் ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு பறந்தது. என் வீட்டில் எல்லாக் கதவும் விரியத் திறந்து கிடக்க, நான் கூடத்தில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கதவு அடிக்கும் அடிக்கும் என்று காத்திருந்தேன்.

ஒரு கதவும் அடிக்கவில்லை. ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

எழுந்து போய் முன்கதவைத் தொட்டுப் பார்த்தேன். சாரலில் நனைந்து மரம் முழுக்கச் சில்லென்று இருந்தது. என் தலைக்கு மேல், ஆம்பிளை ஒருவர் கை வைத்துப் பிடிக்கிற உயரத்தில், ஓரிடம் மட்டும் காய்ந்து சூடாக இருந்தது.